குப்பையில் இருந்து உரம்: மண்ணுக்கு நல்லதா, ஆபத்தா?

காலையில் நீங்க குப்பை வண்டியில் கொட்டுற வெங்காயத் தோலும் மீந்த சோறும் எங்கே போகுது? சென்னையில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் மக்கும் குப்பையின் ஒரு பகுதி உரமாக மாற்றப்படுகிறது. நகரக் குப்பை உரத்தின் விற்பனையை ஊக்குவிக்க, 2016-ல் மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகைகூட அறிவித்தது.

நல்ல திட்டம்தான். நம்ம ஊர் வெயிலில் மண்ணில் இருக்கும் கரிமச்சத்து சீக்கிரம் கரைந்துவிடும். மக்கிய உரம் அதை ஈடுகட்டும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அந்தக் குப்பை மேட்டில் அழுகி மீத்தேன் வாயு கிளம்புவதும் குறையும்.

அப்புறம் என்ன பிரச்சினை?

மக்குறது மக்கிப் போயிடும், உலோகம் மக்காது. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, உடைந்த எலக்ட்ரானிக் பொருள் எல்லாம் கலந்த குப்பையில் உரம் தயாரித்தால் ஈயம், காட்மியம் போன்றவை அதற்குள் வந்துவிடும். மக்கும்போது குப்பையின் எடை குறைவதால், மிச்சமிருக்கும் உரத்தில் உலோகத்தின் அடர்த்தி இன்னும் கூடும்.

இதற்கு வரம்பு இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு கிலோ நகர உரத்தில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. சரி, ஒரு சின்ன கணக்கு போடுவோம். வரம்பின் விளிம்பில் இருக்கும் உரத்தை ஏக்கருக்கு 5 டன் போட்டால், அரை கிலோ ஈயமும் 25 கிராம் காட்மியமும் வயலுக்குள் போகும். ஒரு ஏக்கரின் மேல்மண் மட்டும் சுமார் 900 டன் இருக்கும் என்பதால் ஒரு வருஷத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், இதையே 20 வருஷம் தொடர்ந்தால் மொத்தம் 10 கிலோ ஈயம். பயிர் அதில் எடுத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். மீதியைத் திரும்ப எடுக்க சுலபமான வழி எதுவும் கிடையாது.

ஈயம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். காட்மியம் அப்படி இல்லை, அமில மண்ணில் எளிதாக வேருக்குள் ஏறும். கீரை வகைகள் அதை இலையில் சேர்த்து வைக்கும். நகரக் குப்பை உரத்தைக் கீரைப் பாத்தியில் போடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

பிளாஸ்டிக் இன்னொரு தலைவலி. 4 மி.மீ. சல்லடையில் சலித்தால் பெரிய துண்டுகள் சிக்கும்; நைந்துபோன கவரின் துணுக்குகள் உரத்தோடு வயலுக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் நடந்தது இன்னும் மோசம். அங்கே போட்டது சமையலறைக் குப்பை உரம் இல்லை, கழிவுநீர் சுத்திகரிப்பில் மிஞ்சிய கசடு. இலவச உரம் மாதிரி பல வருஷம் வயலில் கொட்டினார்கள். அதில் இருந்த பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியாத ரசாயனங்கள் புல்லுக்கும், பிறகு பசும்பாலுக்கும் போனது தெரியவந்தது. சில பண்ணைகள் பால் விற்பதையே நிறுத்தின. 2022-ல் மெய்ன் மாகாணம் கசடை நிலத்தில் போடவே தடை விதித்தது.

அப்போ குப்பை உரமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்த காய்கறிக் கழிவில் தயாரான உரமும், கலந்த குப்பையைச் சலித்து எடுத்த உரமும் ஒன்றில்லை. மூட்டையைப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியாது. மாடித் தோட்டத்துக்கு வாங்கினாலும் சரி, ஊரில் அப்பா வயலுக்கு வாங்கினாலும் சரி, எந்தக் குப்பையில் தயாரானது என்று கேளுங்கள். கன உலோகப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து அளவு மட்டும் போட்ட அறிக்கையைக் காட்டினால், அதில் ஈயம், காட்மியம் எங்கே என்று கேட்கத் தயங்காதீர்கள்.