புதுச்சேரி என்று எழுதத் தெரியாத கணினி

“சார், போன்லயே தமிழ் அழகா வருது. நீங்க எதுக்கு இந்தப் பழைய லேப்டாப்போட மூணு மாசமா மல்லுக்கட்டுறீங்க?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோளாறு பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, பழுது பார்க்க ஒன்றும் இல்லாத வாழ்க்கை சலித்துவிட்டது. எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் ஒருநாள் வந்து, “மாமா, டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்ச பெல் ஆய்வகம்னு அடிக்கடி சொல்வீங்களே, அவங்க செஞ்ச ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு. போட்டுப் பார்க்கலாமா?” என்றான். அதன் பெயர் பிளான் 9.

யூனிக்ஸை உருவாக்கிய அதே ஆய்வகத்தில், 1980-களின் பிற்பகுதியில் கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சி இது. 1992-ல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். கடையில் விலைபோகவில்லை. 2000-ல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். 2011 முதல் சில ஆர்வலர்கள் ‘9ஃப்ரண்ட்’ என்ற பெயரில் அதைப் பேணி வருகிறார்கள். நாங்கள் போட்டது அதைத்தான். பெயரோ ஒரு மட்டமான பழைய ஆங்கிலப் படத்தின் பெயர். சின்னம் ஒரு வெள்ளை முயல். அதை வரைந்தவர் ரெனே பிரெஞ்ச். நம் ஊருக்கு எப்படியோ ஒரு சம்பந்தம் இருக்கிறது பாருங்கள்!

போட்டவுடன் ஓடிவிடவில்லை. வைஃபை கிடைக்கவில்லை, கடைசியில் கேபிள் இழுத்தோம். மூன்று பொத்தான் மவுஸ் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. நடுவில் அழுத்தும் சக்கரம் உள்ள ஒன்றை வாங்கினேன். எழுத்து எறும்பு அளவுக்குத் தெரிந்தது. எங்கள் வயதுக் கண்களுக்காகப் பெரிதாக்கினோம். ஆனால் ஒரு நிம்மதி இருந்தது. இந்த அமைப்பில் ஏறக்குறைய எல்லாமே கோப்புகள். அமைப்பு விவரங்களை வெறும் எழுத்தாகத் திறந்து படிக்கலாம், மாற்றலாம். பழைய இணைப்பகத்தில் ரிலே ரிலேயாகத் தொட்டுப் பார்த்துக் கோளாறைப் பிடித்தது போலவே இருந்தது.

அடுத்த ஆசை, தமிழ். இங்கேதான் ஒரு வேடிக்கை.

இன்று நம் கைப்பேசியில் ஓடும் தமிழ், ஆங்கிலம், சீனம் எல்லாம் ‘யூடிஎஃப்-8’ என்ற முறையில்தான் போகின்றன, வருகின்றன. அந்த முறை பிறந்ததே இந்தப் பிளான் 9-க்காகத்தான். 1992 செப்டம்பர் வாக்கில் ஓர் இரவு, நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் ராப் பைக்கின் கண்ணெதிரே கென் தாம்சன் அதை வகுத்தார். சில நாள்களிலேயே முழு அமைப்பையும் அதற்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கிரேக்கத்திலும் ஜப்பானியத்திலும் உலகத்துக்கு வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

தமிழ் வணக்கம் சொல்ல நாங்கள் முயன்றோம். எந்த எழுத்துக்கு எந்தப் படம் என்று வரிவரியாகச் சொல்லும் ஒரு சாதாரணக் கோப்புதான் அங்கே எழுத்துரு. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களுக்கு ஒரு வரி சேர்த்து, எழுத்துகளைப் புள்ளிப் படங்களாக்கி வைத்தோம். பிறகு ‘புதுச்சேரி’ என்ற சொல்லைத் திறந்தோம்.

ஊர்ப் பெயர் உருக்குலைந்து வந்தது. ‘ப’வுக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியாக நின்றது. ‘ச’வின் தலையில் உட்கார வேண்டிய புள்ளி தள்ளி விழுந்தது. ‘சே’யின் இரட்டைக் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய்விட்டது. ‘மரம்’, ‘படம்’ என்றால் இரண்டு எழுத்தாவது தப்பியிருக்கும். நம் ஊர்ப் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகளில் ஒன்றுகூட வெறும் அகர எழுத்து இல்லை. கணினிக்குள் அது பத்துக் குறியீடு, முப்பது பைட்டு.

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட்டதே இல்லை. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்: “கொம்பை முதல்ல எடுத்து வெக்கணும் சார். இது ச-வை வெச்சிட்டு அப்புறமா கொம்பைத் தேடுது. கேஸ் பழகாத பையன் மாதிரி.”

அதுதான் கோளாறு. யூனிகோடு, நாம் ஒலிக்கும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னால் நகர்த்துவது, ‘ப’வையும் உகரத்தையும் ஒட்டிப் ‘பு’ ஆக்குவது எல்லாம் கைப்பேசியில் வேறொரு அடுக்கு செய்கிறது. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. பிளான் 9-ல் அந்த அடுக்கு இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம், அவ்வளவுதான். கிரேக்கத்துக்கும் ஜப்பானியத்துக்கும் அது போதும். தமிழுக்குப் போதாது.

தம்பி ஒரு குறுக்கு வழி சொன்னான். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது, அதனுடன் ‘டேஸ்-16’ என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு உண்டு. ‘சே’ என்றால் ஒரே எண், ஒரே படம். இந்த அமைப்புக்காகவே செய்ததுபோல் பொருந்தியது. யூனிகோடை அதற்கு மாற்றும் சிறு நிரலை இரண்டு நாளில் எழுதிவிட்டான். ‘புதுச்சேரி’ முழுதாக வந்தது. மூவரும் காபி குடித்துக் கொண்டாடினோம்.

மறுநாளே அடி விழுந்தது. திரையிலிருந்து நகலெடுத்த பத்தி ஒன்றைத் தம்பி அச்சக நண்பரின் போனுக்கு அனுப்பினான். அங்கே வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. காரணம், டேஸ்-16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனியார் பகுதியில். அவரவர் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கிய இடம் அது. அதற்குரிய எழுத்துரு இல்லாத கருவிக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. காட்டுவதற்கு மட்டும் இருக்க வேண்டிய குறியீடு, சேமிக்கும் கோப்பிலும் நுழைந்துவிட்டது.

அந்தக் கட்டங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதே மாதிரி ஒரு கோப்பு என் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பா 1954-ஐப் பார்த்தவர். அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததையும், நவம்பர் 1-ல் ஊர் கைமாறியதையும் பற்றி நிறையப் பேசுவார். 2000-ல் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நாற்பத்திரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, டாம், டாப் என்று தரம் வகுத்திருந்தார்கள். இருந்தாலும் கடைக்கு ஒரு எழுத்துரு ஓடிய காலம். கடைக்காரர் பிளாப்பியில் எதைக் கொடுத்தாரோ அதில் அடித்தேன். பிளாப்பி போயிற்று, எழுத்துருவும் போயிற்று. அப்பாவும் போய்விட்டார். கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் குவியல். எழுத்துரு மாற்றிகள் பலவற்றில் போட்டுப் பார்த்தேன். எதற்கும் என் எழுத்துரு தெரியவில்லை. மிஞ்சியது, அன்றைக்கு அச்செடுத்த முதல் பக்கம் மட்டும்.

அந்தத் தாளை மேசையில் வைத்தோம். தம்பி கோப்பின் பைட்டுகளை எண்களாகத் திரையில் கொட்டினான். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தார்: “ஒற்றைக் கொம்பு... க... துணைக்கால்.” நான் நோட்டில் எழுதினேன், எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று. பழைய எழுத்துருக்கள் கம்போசிட்டர் மாதிரிதான். கண் பார்க்கும் வரிசையில் எழுத்தை வைத்திருக்கும். ஒரு எண், ஒரு வடிவம். ஆகவே யூனிகோடுத் தமிழை நேராகக் காட்டத் தெரியாத அதே அமைப்பு, அப்பாவின் கோப்பை எந்தத் தகராறும் இல்லாமல் காட்டியது. முதல் பக்கத்தில் இல்லாத சில வடிவங்களை, சொல்லை வைத்து ஊகித்தோம்.

பிறகு, கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தி யூனிகோடாக்க ஒரு நிரல். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பல இடங்களில் ‘காலை’ என்பது ‘கரலை’ என்று வந்தது. நிரலில் தப்பில்லை, தப்பு என்னுடையது. அவசரத்தில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருக்கிறேன். தாளில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். உள்ளே இரண்டும் வேறு. இருபது ஆண்டுக்கு மேலாக ஒளிந்திருந்த பிழைகளை நண்பர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். நாற்பத்திரண்டு பக்கமும் இப்போது என் பேத்தியின் போனில் இருக்கிறது. அப்பா சொன்ன கடற்கரைக் கூட்டத்தை அவள் எனக்கே வாசித்துக் காட்டினாள்.

இப்போது எதிர்வீட்டுக்காரருக்கு என் பதில். இந்தக் கணினியில் வங்கி வேலை நடக்காது. வீடியோ அழைப்பு வராது. அன்றாடத் தமிழுக்கும் இது இன்னும் தயாரில்லை. இதே மாற்று வேலையை லினக்ஸிலும் செய்திருக்கலாம். ஆனால் எங்களுக்குக் கோளாறு எங்கே இருக்கிறது என்று புரிந்தது இங்கேதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும் கருவி நமக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட இந்த அமைப்பிலிருந்து பிறந்ததுதான் உங்கள் போனில் ஓடும் யூடிஎஃப்-8. இன்றைய விண்டோஸ், தனக்குள் லினக்ஸை ஓட்டும்போது கோப்புகளைப் பரிமாறுவதும் இதன் ‘9பி’ முறையில்தான்.

இதில் நம் பொறுப்பும் இருக்கிறது என்பது என் கருத்து. “தமிழ் சரியாக வரவில்லை” என்று குறை சொல்லிக் காத்திருக்கிறோம். நியூ ஜெர்சியில் இருந்தவர்களுக்குக் கொம்பு எங்கே நிற்கும் என்று எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் இங்கே முத்தியால்பேட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நிரல் எழுதத் தெரிந்த பையன் அடுத்த தெருவில் இருக்கிறான். இருவரும் சந்திப்பதில்லை, அதுதான் குறை. கட்டற்ற மென்பொருளுக்காகக் கூடும் இளைஞர்கள் புதுவையிலும் இருக்கிறார்கள், விழுப்புரத்திலும் இருக்கிறார்கள். நம் வயதுக்காரர்களும் அங்கே போய் உட்காரலாம். நிரல் தெரிய வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சிடியில், ஒரு பென் டிரைவில், யாரோ சொல்லி நீங்கள் அடித்த பக்கங்கள் கிடக்கும். இன்றே திறந்து பாருங்கள். படிக்க வந்தால் யூனிகோடில் மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். வராவிட்டால் அச்செடுத்த தாள் ஒன்றாவது இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள். கிடைத்தால் தாளையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். கம்போசிட்டர் நண்பர் சனிக்கிழமை மாலைகளில் இங்கேதான் இருப்பார்.