மாலையிட்டுவிட்டால் போதுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபம். இருநூறு நாற்காலிகள் வரிசை வரிசையாய்ப் போடப்பட்டிருந்தன. மேடையில் ஒரு புதிய நாடகம். எழுதியவர் உயிரோடு இருப்பவர். அன்று அரங்கின் கடைசியில், தூணோரம், கையைப் பிசைந்தபடி நின்றுகொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர். எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை! அந்த முப்பத்தொருவரிலும் நடிகர்களின் வீட்டார் பத்துப் பேர், ஒலிபெருக்கிக்காரர் இருவர், மழைக்கு ஒதுங்கியவர் ஒருவர்.

அதே திங்களில், அதே நகரில், திராவிட இயக்க நாடகங்களைப் போற்றி ஒரு விழா நடந்தது. உட்கார இடமில்லை. பேசியவர் பதினொருவர். வேலைக்காரியைப் புகழ்ந்தார் ஒருவர். ஓர் இரவை ஓங்கிப் புகழ்ந்தார் இன்னொருவர். தூக்குமேடையின் பெருமையைத் தொண்டை கட்டும்வரை சொன்னார் மற்றொருவர். கைதட்டல் வானைப் பிளந்தது. அந்தப் பதினொருவரில் ஒருவர், ஒரே ஒருவர், அந்த மழை இரவில் வந்திருந்தாரா? வரவில்லை. தோழர் ஒருவரை ஒதுக்குப்புறமாய் அழைத்துக் கேட்டேன். "இப்போதெல்லாம் யாரய்யா நாடகம் எழுதுகிறார்கள்?" என்றார். கேட்டுவிட்டு மாலையைச் சரிசெய்துகொள்ளப் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. அவர் படிப்பாரோ மாட்டாரோ, அவரைப் பார்த்து வளரும் இளைஞர்களாவது படிக்கட்டும்.

சந்திரோதயம் 1943-இல் மேடையேறியபோது அண்ணா யார்? சிலையாய் நின்றவரா? பாடநூலில் இருந்தவரா? நாற்பது வயதைத் தொடாத ஓர் இளைஞர். புதிதாய் நாடகம் எழுதத் துணிந்த ஒருவர். சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்தில் காகப்பட்டர் வேடத்தைத் தாமே கட்டிக்கொண்டு மேடையில் நின்றவர். அன்று வைதிகர் சொன்னது என்ன? "இதுவும் ஒரு நாடகமா? வள்ளி எங்கே, அரிச்சந்திரன் எங்கே, ஆர்மோனியம் எங்கே? வாதம்தானே நடக்கிறது!" என்றனர். வந்து பார்த்தவர்களோ வேறு சொன்னார்கள். காங்கிரசுக்காரரான கல்கி ஓர் இரவு நாடகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு பெர்னார்ட் ஷாவையும் இப்சனையும் துணைக்கு அழைத்துப் பாராட்டினார். கொள்கையில் அவர் எதிர்க்கரை. ஆயினும் இருக்கையில் அமர்ந்து, இறுதிவரை பார்த்து, எழுதினார். எதிர்க்கரையில் இருந்தவருக்கு இருந்த அந்த நேர்மை, சொந்தக் கரையில் இருக்கும் நமக்கு ஏன் இல்லை?

பழைய நாடகத்தைப் போற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. நீதிதேவன் மயக்கத்தை இன்றும் நடியுங்கள். கம்பனைக் கூண்டில் ஏற்றுங்கள். கூட்டம் கூடும், நானும் வருவேன். ஆனால் புதியது எதையும் பாராமல் பழையதை மட்டும் போற்றுகிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு நாம் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கோயிலில் நடந்தால் அதைத் திவசம் என்கிறோம். மன்றத்தில் நடந்தால் மட்டும் இலக்கிய விழாவா?

இனி, "யார் எழுதுகிறார்கள்?" என்ற கேள்விக்கு வருவோம். தில்லையிலிருந்தே தொடங்குகிறேன்.

நந்தன் கதை நமக்குத் தெரியும். சேக்கிழார் சொன்னபடி, கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்த திருநாளைப்போவார் தில்லை எல்லையில் வந்து நிற்கிறார். உள்ளே போக முடியவில்லை. ஆண்டவன் கனவில் வருகிறான், தீயில் மூழ்கி வா என்கிறான், அந்தணர்க்கும் கனவிலேயே கட்டளை போகிறது, தீ மூட்டப்படுகிறது. மூழ்கி எழுந்தவர் எப்படி எழுந்தார்? மார்பிலே முந்நூல் துலங்க, மாமுனி வடிவத்தோடு எழுந்தார். அதாவது, பிறந்த தோல் கருகி, பூணூல் முளைத்த பிறகே கதவு திறந்தது! பிறகு 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இசை நாடகமாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரை, நிலக்கிழாரை, நந்தனின் ஆண்டையாக அவர் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் பயிராக்கச் சொல்லும் கொடுமையைக் காட்டினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். புராணத்துக்குள் பண்ணையைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். ஆனால் முடிவு? அதே தீ. அதே மோட்சம். 1935-இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் அதே தீக்குள் நடந்தார்கள். நாடு கண்ணீர் உகுத்தது. நெருப்பை யார் மூட்டினார் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றிற்று ஒருவருக்கு. இந்திரா பார்த்தசாரதி 1978-இல் நந்தன் கதை என்ற நாடகத்தை எழுதினார். அதில் தெய்வக் கனவு இல்லை, திட்டம் இருக்கிறது. ஏவல் செய்ய வேண்டியவன் ஆசைப்படத் தொடங்கிவிட்டான் என்று கண்ட மேல்சாதியார் கூடிப் பேசுகிறார்கள். அவன் பக்தியையே வலையாக விரிக்கிறார்கள். தில்லைக்குப் போகலாம், சோதியில் கலக்கலாம் என்று அவனை நம்பவைக்கிறார்கள். அபிராமி என்ற தேவதாசிப் பெண்ணோடு அவன் தீக்குள் இறங்குகிறான். தீ சுடுகிறது. அவ்வளவுதான். முனிவரும் எழவில்லை, முந்நூலும் முளைக்கவில்லை. எரிந்த உடல்கள் இரண்டு. பறையாட்டமும் பரதமும் அந்த மேடையில் எதிரெதிர் நிற்கும்போது, எது யாருடைய கலை, எது யாரால் இழிவென்று சொல்லப்பட்டது என்று பார்ப்பவன் நெஞ்சு கேட்கும். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாய்ச் சொல்லப்பட்ட கதையை ஒரே இரவில் புரட்டிப்போடும் நாடகம் அது.

இந்த நாடகம் எந்த ஊருக்கு முதலில் வேண்டியது? சென்னைச் சபாக்களுக்கா? சிதம்பரத்துக்கல்லவா! 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எழுப்பிய ஊர். 1929 முதல் பல்கலைக் கழகம் நிற்கும் ஊர். 1981 முதல் ஆண்டுதோறும் சிவராத்திரிக் காலத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர். அந்த ஆட்டத்துக்கு எத்தனை ஊர்களிலிருந்து கலைஞர்கள் வருகிறார்கள்! வரட்டும், ஆடட்டும், சலங்கையோடு எனக்குப் பகை கிடையாது. நான் நம் தோழர்களைக் கேட்கிறேன்: அந்த ஒரு வாரத்தில், தெற்கு வீதியிலோ மேல வீதியிலோ, இசைவு பெற்று, இரண்டு விளக்கு வைத்து, நந்தன் கதையை நடத்தினால் என்ன? எதிர்ப்பு வருமே என்கிறீர்களா? எதிர்ப்பு வந்த நாடகங்களைத்தானே நாம் இன்று மாலையிட்டுக் கொண்டாடுகிறோம்!

எதிர்ப்பின் வரலாற்றையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ராதா இராமாயணத்தை மேடையில் உரித்தபோது, 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைச் சென்னை அரசு கொண்டுவந்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி இசைவு வாங்க வேண்டுமாம்! கலையைக் காக்கிச் சட்டை தணிக்கை செய்ய வேண்டுமாம்! ராதா அஞ்சவில்லை. அது நமக்குத் தெரியும், மேடைதோறும் சொல்கிறோம். அந்தச் சட்டம் எப்போது வீழ்ந்தது, யார் வீழ்த்தினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பரீக்ஷா என்ற நாடகக் குழுவை நடத்திய ஞாநி, ஒரு புதிய நாடகக்காரர், வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதென்று தள்ளியது. வெள்ளையன் 1876-இல் போட்ட நாடகச் சட்டமும் 2018-இல் ஒழிந்தது. ராதாவின் மேல் பாய்ந்த வாளை முறித்தவர், நம் விழாப் பேச்சாளர் "யாரய்யா?" என்று கேட்ட அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்! நன்றி சொல்ல வேண்டாம். பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னும் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பாட்டியாகவே காட்டப்பட்ட ஔவையை, யாழோடு அலைந்த இளம் விறலியாய், கள்ளும் கவிதையும் காதலும் தெரிந்த உரிமைப் பெண்ணாய் எழுதினார் இன்குலாப். மேடையில் நிறுத்தினார் அ.மங்கை. பலி ஆடுகள் எழுதினார் கே.ஏ.குணசேகரன், ஒடுக்கப்பட்டவன் வீட்டிலும் ஒடுக்கப்பட்ட ஒருத்தி இருக்கிறாள் என்று, நமக்குக் கைதட்டத் தோன்றாத உண்மையைச் சொன்னார். மு.ராமசாமி 2003-இல் கலகக்காரர் தோழர் பெரியார் என்று பெரியாரையே மேடையில் நடமாடவிட்டார். 1944-இல் பெரியார் மீது செருப்பு வீசிய ஊர் கடலூர். வீசிய இடத்திலேயே 1972-இல் சிலை எழுந்த ஊரும் அதுவே. அந்தச் சிலைக்கு ஆண்டுக்கொரு மாலை தவறுவதில்லை. அந்த நாடகத்தைப் பார்த்தவர் அந்த மாலைக் கூட்டத்தில் எத்தனை பேர்? குணசேகரனும் இன்குலாப்பும் 2016-இல் மறைந்தார்கள். இரங்கல் தீர்மானம் போட்டோம். இருந்தபோது எத்தனை சீட்டு வாங்கினோம்?

"புரியவில்லை தோழர்" என்பது அடுத்த சாக்கு. இதில் ஓரளவு உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். மேடையில் ஒருவர் கால் மணி நேரம் சுருண்டு படுத்திருப்பார். இன்னொருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். அது என்ன என்று கேட்டால், "நீங்களே பொருள் கொள்ளுங்கள்" என்பார் ஆசிரியர். பொருள் கொள்வதற்கு நாங்கள் என்ன உரையாசிரியர்களா? நச்சினார்க்கினியர் வந்துதான் விளக்க வேண்டுமென்றால் அந்த நாடகம் நெல்லிக்குப்பத்து ஆலைத் தொழிலாளிக்கு எழுதப்பட்டதல்ல. அப்படி எழுதுவோரை முகத்துக்கு நேரே கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முதலில் வரவேண்டுமே! வீட்டில் உட்கார்ந்துகொண்டு புரியவில்லை என்பது, படிக்காமலே தேர்வு கடினம் என்பதற்கு ஒப்பு.

மேலும், தென்னார்க்காட்டு மக்களுக்கா நாடகம் புரியாது? திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த மக்கள் அவர்கள். ஒரே விசுப்பலகை அத்தினாபுரமாகும், அடுத்த நொடி காடாகும். திரை பிடித்தால் நாடு மாறும். அதைப் புரிந்துகொண்டவர்களுக்குப் புதிய நாடகத்தின் வெற்று மேடை ஒரு பொருட்டா? புரியாதது மக்களுக்கல்ல. திரைப்படத்துக்குப் பழகிப்போன நம் படித்த தோழர்களுக்குத்தான். வேலைக்காரி 1949-இல் திரைக்குப் போயிற்று. ஓர் இரவு 1951-இல் போயிற்று. இரத்தக்கண்ணீர் 1954-இல் போயிற்று. இயக்கமும் பின்னாலேயே போயிற்று. திரை நமக்கு வெற்றி தந்தது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் இருப்பவன் நம்மைப் பாரான். கூட்டத்திலிருந்து ஒருவன் கூச்சலிட்டால் ராதா அங்கேயே நின்று பதில் சொல்வார். அந்தப் பதில்தான் மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. திரைச்சீலை பதில் சொல்லுமா?

பொருள் பஞ்சமா? புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பமும் இருக்கும் மாவட்டம் இது. 2004-இல் கடல் விழுங்கிய குப்பங்கள், 2011-இல் தானே புயல் முறித்த முந்திரிக்காடுகள், சிப்காட் புகையில் இருமும் ஊர்கள், எல்லாம் நாடகமாகக் காத்திருக்கின்றன. அவற்றினும் கொடியது ஒன்று. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003-இல், சாதி கடந்து மணந்த இரு இளையோரை, மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றிக் கொன்று, எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய 2025 ஆயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள்! நந்தனுக்கும் அபிராமிக்கும் மூட்டிய தீ அணைந்துவிட்டது என்று எவன் சொல்வான்? அதைச் சொல்லும் நாடகத்தை நாளை ஓர் இளைஞன் எழுதிக்கொண்டு வந்தால், அவனுக்கு நாம் காட்டப்போவது முப்பத்தொரு தலைகளா?

எனவே, இளைஞர்களே, பாராட்டு என்றால் என்ன என்பதில் தெளிவு கொள்வோம். பொன்னாடை பாராட்டல்ல, அது துணி. சீட்டு வாங்குவது பாராட்டு. இலவச அனுமதி கேட்காதிருப்பது அதனினும் பெரிய பாராட்டு. ஒரு குழு சென்னையிலிருந்தோ புதுவையிலிருந்தோ கடலூருக்கு வர வண்டி வாடகை, விளக்கு வாடகை, மண்டப வாடகை, பத்துப் பேருக்கு இராச்சாப்பாடு ஆகும். ஒரு விழாவின் சுவரொட்டிச் செலவில் இதை முடிக்கலாம். மன்றம்தோறும் அச்சான நாடக நூல் ஒன்றை மாதம் ஒன்றாய் உரக்கப் படியுங்கள். படிப்பவன் திக்கினால் திக்கட்டும். அண்ணாமலை நகரில் படிக்கும் மாணவத் தோழர்கள் விடுதி முற்றத்திலேயே நடிக்கலாம்; இடம் கேட்டு எவர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

நாடகம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். கடைசிப் பேருந்து போய்விடும் என்ற கவலை எனக்கும் உண்டு. அரை மணி நேரம் இருங்கள். தூணோரம் நிற்பவரை மேடைக்கு அழையுங்கள். எந்தக் காட்சி நெஞ்சைத் தொட்டது, எந்த இடத்தில் தூக்கம் வந்தது, எந்த உரையாடல் பொய்யாய் ஒலித்தது என்று சொல்லுங்கள். அவர் சினங்கொள்ளலாம், கொள்ளட்டும். மறுமாதம் அந்தக் காட்சியைத் திருத்திக்கொண்டு வருவார். அப்போதும் போய் உட்காருங்கள், முன்வரிசையில்.