வானில் வழி திறக்க விமானம் வேண்டாமா?



2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்போ, தளவாய்புரம் டீக்கடையில இருந்து நம்ம வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் அதே பேச்சுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். என்ன நடந்தது என்று தெரிந்தே பெருமைப்படுவோம்.

மே 8 அன்று பாகிஸ்தானில் பல இடங்களில் வான் பாதுகாப்பு ரேடார்கள் தாக்கப்பட்டதாகவும், லாகூரில் ஒரு வான் பாதுகாப்பு அமைப்பு செயலிழந்ததாகவும் இந்திய அரசு அறிவித்தது. ஏன் ரேடார்? எதிரியின் ஏவுகணைக்கு அதுதான் கண். அந்தக் கண் திறந்திருக்கும் வரை நம்ம பைலட்டுக்கு ஆபத்து.

இதற்காகவே டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியது ருத்ரம் ஏவுகணை. ரேடார் வெளியிடும் அலையைப் பிடித்துக்கொண்டே போய் அந்த ரேடாரையே அடிக்கும். பயந்து ரேடாரை அணைத்தால் எதிரிக்குக் கண் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் நமக்கு வழி திறக்கும்! ருத்ரம்-1 2020 அக்டோபர் 9 அன்றும், ருத்ரம்-2 2024 மே 29 அன்றும் சோதிக்கப்பட்டன. இரண்டையும் ஏவியது சுகோய்-30. அதே ரக விமானங்கள்தான் 2020 முதல் நம்ம தஞ்சாவூர் தளத்திலும் நிற்கின்றன.

சரி, ஏவுகணை இருக்கு. தூக்கிட்டுப் போக விமானம் வேணும்ல?

🔴 விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 விடைபெற்றபோது மிஞ்சியது 29.

🔴 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021-ல் ஒப்பந்தம். 2024 மார்ச்சிலேயே வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க என்ஜின் தாமதம், அதனால் விமானமும் தாமதம்.

🔴 1989-ல் ஒப்புதல் பெற்ற நம் சொந்தக் காவேரி என்ஜின் இன்னும் தேஜஸில் ஏறவில்லை.

இதற்கு ஒன்றிய அரசின் பதில் என்ன? கேட்டா உடனே "தேசத்துரோகி" பட்டம் கட்டுறாங்க. நம்ம ஊர்ல நைட்டி தைக்கிற அக்கா வாங்குற சோப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டுறாங்க. அந்தக் காசும் இந்த விமானத்துல இருக்கு. கணக்குக் கேட்க அவங்களுக்கு உரிமை இல்லையா? வீரரை மதிக்கிறவன்தான் அவருக்கு நல்ல விமானம் கொடு என்று கேட்பான்.

சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மே மாதம் வீடியோ கேம் காட்சிகளைக்கூட நிஜப் போர் என்று பரப்பினார்கள். அப்படி எதையும் நம்ம ஆட்கள் பகிர வேண்டாம். அதற்குப் பதிலாக மேலே உள்ள மூன்று கேள்விகளைப் பகிருங்கள். தென்காசி நாடாளுமன்றத் தொகுதியின் ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச் சேரட்டும்.

வீரர்களுக்கு வணக்கம்! ஆட்சியாளர்களுக்குக் கேள்வி!

#விமானம்_எங்கே