பொம்மையின் பூர்வீகம்

1979ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்திலிருந்த கென்னர் கம்பெனி, ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளில் நான்கை வாங்கி, அவற்றின் அட்டைகளிலுள்ள அத்தாட்சிச் சீட்டுகளைக் கத்தரித்து அனுப்பும் குழந்தைகளுக்கெல்லாம், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் என்னும் வீரனின் பொம்மையை இனாமாகத் தருவதாக விளம்பரம் செய்தது. ஆனால், வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் அடைத்து ஒரு குழந்தை மாண்டுபோன துக்கச் செய்தி அக்காலத்திலேயே வந்திருந்தபடியால், தபாலில் வந்து சேர்ந்த வீரனின் ராக்கெட் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. பாதுகாப்பை முன்னிட்டு ஏவும் பொறி நீக்கப்பட்டதென்றும், திருப்தியில்லாதவர்கள் பொம்மையைத் திருப்பியனுப்பி வேறொன்று பெறலாமென்றும் ஒரு குறிப்பும் கூடவே வந்தது.

கடைக்கே வராத அந்த ராக்கெட் பாயும் முன்மாதிரிகளில் தப்பிப் பிழைத்தவை சொற்பம். 2024ல் அவற்றில் ஒன்று 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. பத்திரிகைகள் அந்தத் தொகையைப் பிரமாதப்படுத்தின. எனக்கோ அந்தப் பொம்மையின் பூர்வீகமே பிரதானமாகப் படுகிறது.

வீரனின் முதுகுப் பையில், ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் தாழ் நகர்வதற்காக ஒரு சிறு பிளவு உண்டு. முந்திய முன்மாதிரிகளில் அது ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல ஒரே ஒரு மடக்கு உடையது. பிந்தியவற்றில், கை தவறிப் பட்டாலும் ஸ்பிரிங் விடுபட்டு ராக்கெட் பாய்ந்துவிடாதபடி தாழ் தங்கி நிற்பதற்காக, இன்னும் ஒரு வளைவு சேர்ந்து ‘ஜே’ வடிவம் பெற்றது. குழந்தைக்கு ஆபத்து நேராமலும் விளையாட்டின் இன்பம் கெடாமலும் காக்க முயன்ற ஒரு தொழிலாளியின் சிந்தனை, நகக்கண்ணளவான அந்தப் பிளாஸ்டிக் வளைவிலே இன்றும் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. அந்த முயற்சியும் போதாதென்று கண்டபோதுதான் ராக்கெட்டையே அசையாமல் பொருத்தினார்கள்.

இதை அறியாமல் விலை மட்டும் பேசுவதனால் போலிகள் செழிக்கின்றன. எத்தனையோ நகல்கள் சந்தையில் உலவுகின்றன. கென்னரோ 1987ல் டோன்கா கம்பெனியிடமும், 1991ல் ஹாஸ்ப்ரோ கம்பெனியிடமும் கைமாறி, 2000த்தில் சின்சினாட்டி அலுவலகமும் மூடப்பட்டது. ஆதலால், அங்கே அச்சு செதுக்கியவர்களும் சோதனை செய்தவர்களும் ஜீவித்திருக்கும்போதே அவர்களுடைய சாட்சியத்தைப் பதிவு செய்து, எஞ்சிய வரைபடங்களோடு ஒரு பொதுக் காட்சிசாலையில் சேர்ப்பது ஹாஸ்ப்ரோவின் கடமை. ஒவ்வொரு முன்மாதிரியும் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது முதல் எவரெவர் கை மாறி வந்தது என்ற விவரத்தை, விலை கேட்கும் முன்பே வெளியிடுவது ஏலக்காரர்களின் கடமை.