பந்தியிலிருந்து எழுந்து நடப்போம்



கிறிஸ்மஸ் தொடங்கிப் புத்தாண்டு முடியும்வரை நம் இல்லங்களில் அடுப்பு ஓய்வதில்லை. முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் டப்பாக்களில் நிறைந்திருக்கின்றன. கேக்கும் பிரியாணியும் வீடுதோறும் மணக்கின்றன. இந்நாள்களில் இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. "பண்டிகையன்று கணக்குப் பார்க்கலாமா?" என்பது ஒன்று. "இப்போது சாப்பிடுவோம், ஜனவரி உபவாச ஜெபத்தில் சரிசெய்துகொள்வோம்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேதம் காட்டும் வழியல்ல என்பதே என் கருத்து.

விருந்து பாவமன்று. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், வேதவாசிப்பைக் கேட்டு அழுத ஜனங்களை நோக்கி, அழுகையை விட்டு நல்ல உணவை உண்டு மகிழும்படி தலைவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு கடமையையும் சேர்க்கிறார்கள். ஏதும் ஆயத்தம் செய்ய இயலாதவனுக்கும் பங்கு போய்ச்சேர வேண்டும் என்பதே அது. பங்கு தானாகப் போய்ச்சேராது. யாராவது அதைச் சுமந்துகொண்டு நடக்கவேண்டும்.

உணவுக்குப்பின் நடை என்பது வேதத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் இருமுறை உணவளித்தான். அந்தப் பலத்தினால் அவன் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தான். எம்மாவு ஊரில் இரு சீஷர்கள் ஆண்டவரோடு பந்தியிருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லி அவரை வருந்தி அழைத்தவர்களே அவர்கள்தாம். ஆயினும் அவர் அப்பத்தைப் பிட்டபோது கண்கள் திறக்கப்பட்டவுடனே எழுந்து, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம் எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள். ஆண்டவரோடு உண்ட உணவு அவர்களைத் தூங்கவைக்கவில்லை; எழுப்பி அனுப்பியது.

நம் பண்டிகையோ நாளுக்குநாள் உட்கார்ந்த பண்டிகையாகி வருகிறது. முன்பு விளக்கேந்தித் தெருத்தெருவாய் நடந்த கீதபவனி இன்று பல ஊர்களில் வேனில் போகிறது. அடுத்த தெருவிலுள்ள ஆலயத்துக்கும் இருசக்கர வாகனம் வேண்டியிருக்கிறது. விடியுமுன்பே அடுப்படியில் நிற்கத் தொடங்கும் தாய்மாருக்கு நான் இதைச் சொல்லவில்லை; அவர்களுக்குத் தேவை ஓய்வு. உண்டு முடித்ததும் தொலைக்காட்சியின்முன் சாய்ந்துவிடும் சகோதரர்களே, எழுந்து பாத்திரங்களைக் கழுவுங்கள். அது உங்களுக்கு அசைவு, அவர்களுக்கு இளைப்பாறுதல்.

இது சிறிய காரியமன்று. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் சபையின் எந்த வரிசையிலும் அவர்கள் இருப்பார்கள். உண்டபின் சிறிது நேரம் நடந்தால், இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அறிவுறுத்துகிறது. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும்.

உபவாசத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. உபவாசம் விருந்துக்குச் செலுத்தும் அபராதமன்று. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசித்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகக்கூடும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, மருந்தெடுத்து, ஜெபத்தில் அமர்வதைக் கர்த்தர் குறைவாக எண்ணமாட்டார். தேவன் விரும்பும் உபவாசம் பசித்தவனோடு உணவைப் பகிர்வது என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் போதிக்கிறது. நெகேமியாவின் விருந்தும் ஏசாயாவின் உபவாசமும் ஏழையின் வாசலில்தான் சந்திக்கின்றன.

ஆகையால் பிரியமானவர்களே, இவ்வாண்டு மூன்று காரியங்களைச் செய்வோம். பண்டிகைத் தட்டுகளை இயன்றவரை நடந்தே கொண்டுபோவோம். தனித்திருக்கும் முதியோரின் வீடு, இவ்வாண்டு மரணத்தைக் கண்டதால் பலகாரம் சுடாத வீடு, பிற சமயத்து அயலாரின் வீடு ஆகியவற்றை முதலில் நினைவுகூருவோம். விருந்துக்குப்பின் அவரவர் உடல்நிலைக்கு ஏற்றபடி குடும்பமாகக் கால்மணி நேரமாவது நடப்போம்; முழங்கால் வலியுள்ள பாட்டியார் முற்றத்தில் நான்கு எட்டு வைத்தாலும் போதும். சர்க்கரை நோயுள்ளவரை, "ஒன்றே ஒன்று, எனக்காக" என்று சொல்லி வற்புறுத்தாதிருப்போம். சகோதரனுக்கு இடறலாகாமல் உணவைப் பரிமாறுவதும் அன்பின் கட்டளைதான். போதும் என்பவரின் தட்டை மதிப்பதும் உபசரிப்புதான்.

பெத்லகேமின் மேய்ப்பர்கள் நற்செய்தியைக் கேட்டதும் தீவிரமாய்ப் புறப்பட்டுப் போனார்கள். நம் கால்களும் இப்பண்டிகையில் யாராவது ஒருவருடைய வாசலைச் சென்றடையட்டும்.

உண்ணும் உணவையும் நடக்கும் வழியையும் கர்த்தர்தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.