பூதத்தைக் கட்ட என்னென்ன சாமான்?

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, "பூதம் விழித்துக்கொண்டது!" என்று அலறினால் பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே. அது 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டாக இருக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் நடமாடுவார்கள். கதை நடத்தும் பொறுப்பு என்றைக்காவது உங்கள் தலையிலும் விழலாம். கதை சொல்வது உங்களுக்குப் புதிதா என்ன?

இந்தக் கதைகளில் அடிக்கடி வருவது, கொல்ல முடியாத பூதத்தைக் குகைக்குள் அடைத்து முத்திரை வைக்கும் சடங்கு. அதற்கு அபூர்வமான சாமான்களைத் தேடிக் கொண்டுவர வேண்டும். டிராகன் பல் ஒன்று, கன்னியின் கண்ணீர் மூன்று சொட்டு, நிலவில் பறித்த பூ ஒரு கைப்பிடி என்று பலர் மளிகைச் சீட்டுப் போல எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். (அந்தக் கன்னியை அழவிட்டது போதும், பாவம்!) பிள்ளைகளும் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கொண்டுவருகிறார்கள். ரேஷன் கடைக்குப் போய் வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கைகாக்ஸ் இதில் குறும்புக்காரர். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், நெருப்புக் கோளம் எறியும் மந்திரத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்று எழுதினார். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுக்கலாம். அதனுடன் கந்தகமும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்து! மின்னல் மந்திரத்துக்குக் கொஞ்சம் ரோமமும் ஒரு கண்ணாடிக் குச்சியும். இரண்டையும் தேய்த்து மின்சாரம் காட்டியதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே!

ஆனால் சாமானுக்குக் காரணம் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 13-ம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டூர்லுசன் எழுதிவைத்த கதையைக் கேளுங்கள். ஃபென்ரிர் என்ற ராட்சத ஓநாயைத் தேவர்கள் இரண்டு முறை விலங்கிட்டார்கள். இரண்டையும் அது அறுத்தெறிந்தது. மூன்றாவதைக் குள்ளர்கள் செய்து கொடுத்தார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் — ஆறும் சேர்ந்து பட்டு நாடாபோல் ஒரு கட்டு. பூனை இன்றைக்கும் ஏன் சத்தமில்லாமல் நடக்கிறது, நமக்கு ஏன் தாடி இல்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? எல்லாம் அந்தக் கட்டுக்குச் செலவாகிவிட்டன!

ஓநாய்க்குச் சந்தேகம். "உங்களில் ஒருவர் என் வாயில் கை வைத்தால்தான் கட்டவிடுவேன்" என்றது. டீர் என்ற தேவன் மட்டும் முன்வந்தான். கட்டு இறுகியது, கை போயிற்று. குள்ளர்களின் சீட்டில் எழுதாத ஏழாவது சாமான் அதுதான்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பத்துச் சாமான் வேண்டாம், மூன்று போதும். அதில் ஒன்றாவது யாரோ ஒருவருக்கு இன்றியமையாததாக இருக்கட்டும். கடலோரத்துச் சின்னக் கிராமம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் கோபுர மணி அடிக்கும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் மீன் படகுகள் கரை சேரும். சடங்குக்கு வேண்டியது அந்த மணியின் நாக்கு! காவல் காக்க ராட்சதன் யாரும் வேண்டாம். மணி அடிக்கும் கிழவி கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்கட்டும். வாளை உருவிக்கொண்டு வந்தவர்கள் என்ன பதில் சொல்வார்கள், பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வழி ஒன்றே ஒன்று என்று வைத்துவிடாதீர்கள். பகடை சரியாக விழாவிட்டால் கதை நடுவழியில் நின்றுபோகும். நாக்கைக் கேட்டு வாங்கலாம், திருடலாம், படகுகளுக்கு வேறு அடையாளம் செய்து கொடுத்துவிட்டு எடுத்துப்போகலாம். நீங்கள் நினைக்காத நாலாவது வழியைக் கடைக்குட்டி சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

இரவோடு இரவாகத் திருடிக்கொண்டு போய்ப் பூதத்தைக் கட்டிவிட்டார்களா? கட்டட்டும், தடுக்காதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அந்தக் கடற்கரையிலேயே தொடங்குங்கள். படகுகள் இன்னும் திரும்பவில்லை, மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது.