கலிஃபோர்னியாவின் இரு சட்டங்கள்: கஞ்சாவும் குழந்தைகள் காப்பீடும்

2011 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டங்களில் இரண்டு நம் கவனத்திற்குரியவை.

முதலாவது, கஞ்சா பற்றியது. 28.5 கிராமுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தோருக்கு அங்கு அதற்கு முன்பும் அதிகபட்சம் 100 டாலர் அபராதம்தான் இருந்தது. ஆனால் அது குற்ற வழக்காக நடந்தது. 2011இல் வந்த சட்டத்திலும் அபராதம் மாறவில்லை. குற்றம் மட்டும் போக்குவரத்து விதிமீறலின் அளவுக்கு இறக்கப்பட்டது. நிதி நெருக்கடியில் இருந்த மாநிலம் இத்தகைய சிறு வழக்குகளுக்கு நீதிமன்றச் செலவு செய்ய இயலாது என்பதே, இதில் கையெழுத்திட்ட அப்போதைய ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் சொன்ன காரணம்.

அந்தச் சட்டம் கஞ்சாவுக்கு அனுமதியாக இருக்கவில்லை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 19ஆம் முன்மொழிவை 2010 நவம்பரில் அம்மாநில வாக்காளர்களே நிராகரித்தார்கள். மத்திய அரசின் தடையும் அப்படியே நீடிக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் விசாவில் சென்றுள்ள நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. மாநிலம் சிறு தவறாகக் கருதுவது, குடியேற்ற அதிகாரிகளிடம் பெரிய சிக்கலாகலாம்.

இரண்டாவது சட்டம் வரவேற்கத்தக்கது. ஏற்கெனவே நோயுள்ள 19 வயதுக்குட்பட்டோருக்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் 2010 செப்டம்பரில் அமலானதும், சில நிறுவனங்கள் குழந்தைகளுக்கான தனிப் பாலிசி விற்பனையையே நிறுத்தின. அதற்குக் கலிஃபோர்னியா போட்ட கடிவாளம் இது: குழந்தைகளுக்குப் பாலிசி விற்காத நிறுவனம், தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் ஐந்தாண்டுகள் புதிய பாலிசி விற்க முடியாது என்று அது அப்போது விதித்தது. ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உள்ள குழந்தையின் பெற்றோருக்கு அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது!

சட்டம் செலவுக் கணக்கைப் பார்த்து இறங்கும். வாக்கைப் பார்த்து ஏறும். ஹலால், ஹராம் அப்படி மாறுவதில்லை. அபராதம் 100 டாலரானாலும், ஒன்றுமே இல்லையென்றாலும் போதை ஹராம்தான். பிள்ளையைப் பிடிக்க போலீஸ் வராத இடத்தில், அவன் யாருடன் பழகுகிறான் என்று கேட்கும் பொறுப்பு பெற்றோருக்குக் கூடுகிறது. கண்டிப்பதற்கு முன் அவனோடு உட்கார்ந்து பேசுவோம். சட்டம் தரும் நன்மையைப் பயன்படுத்திக்கொள்வோம். அது தளர்த்தும் இடத்தில் நாம் தளராதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.